அந்தமான் கோபாலின் சிறுநீரகம்

ஊருக்குள் போகும் என்று சொல்லி ஏற்றிய பேருந்து, ஆம்பூர் பைபாஸில் என்னை இறக்கிவிட்டுப் பறந்துவிட்டது. கேட்டதற்கு, "உள்ள போனா லேட்டாவும் சார், எறங்குங்க எறங்குங்க" என்றார் கண்டக்டர். எங்கள் ஈப்போவில் இப்படி நடந்திருந்தால் அன்றைக்கே புகார்க் கடிதம் எழுதியிருப்பேன். மலேசியாவில் என் கடிதம் போகாத அலுவலகம் குறைவு. இங்கே கையில் பெட்டி, தலைக்கு மேல் வெயில், எதிரே பாலத்து நிழலில் ஒரே ஓர் ஆட்டோ.

நான் ஏன் வந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் மாறன். ஈப்போவில் முப்பது வருடத்துக்கு மேல் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன். மனைவி இறந்துவிட்டாள். ஒரே மகள் மலர்விழி சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள். அங்கேயே வேலை பார்க்கும் ஆம்பூர்ப் பையன் சாமுவேலை விரும்புகிறாள். பையனுக்கு அப்பா இல்லை. அம்மா எஸ்தர், ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு நான் அந்த அம்மாளின் வீட்டுக்குப் போய்ப் பேச வேண்டும் என்று ஏற்பாடு. நான் வந்து இறங்கியதோ வியாழக்கிழமை.

காரணம் நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். விசாரிக்க வேண்டும். டீக்கடையில் ஒரு வார்த்தை, சலூனில் ஒரு வார்த்தை, அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை. "விசாரிக்கிறேன்னு சுத்தாதீங்கப்பா, நேரா போய்ப் பேசுங்க" என்று மலர் சொல்லியிருந்தாள். சரி என்றும் சொல்லியிருந்தேன். ஆனால் எனக்குள் ஒரு பயம். எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறையாகச் சாமிப் படம் கிடையாது. ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய என் அப்பா, "சாமி பாக்குதுன்னு ஒழுங்கா இருக்கிறவன், சாமி அந்தப் பக்கம் திரும்பினா என்ன செய்வான்?" என்று கேட்பார். அந்தக் கேள்வியைச் சோறோடு சேர்த்துத் தின்று வளர்ந்தவன் நான். என் மகளைக் கொண்டுபோய் முழங்கால் போட வைத்துவிடுவார்களோ என்று நாலு மாதமாக எனக்குச் சரியான தூக்கமில்லை.

ஆட்டோக்காரர் என் பெட்டியை ஒரு பார்வை, முகத்தை ஒரு பார்வை பார்த்தார். "ஆஸ்பத்திரிக்கு வந்தீங்களா சார்? வேலூர்ல ரூம் கிடைக்கலியா?" என்றார்.

இந்தப் பக்கம் பெட்டியோடு வரும் வெளியூர்க்காரர் என்றால் வேலூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்த நோயாளி என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. எனக்கும் ஒரு வேடம் தேவைப்பட்டது. ஆமாம் என்றேன்.

"எந்த ஊரு?"

மலேசியா என்றால் செய்தி எஸ்தர் அம்மாள் காதுக்குப் போய்விடும். என் பேச்சிலோ எங்கள் ஊர் வாடை அடிக்கும். "அந்தமான்" என்றேன்.

"பேரு?"

"கோபால்."

"இன்னா பிராப்ளம் சார்?"

கிட்னி என்றேன். நாலு கேள்வி, நாலு பொய். பாலத்து நிழலிலிருந்து லாட்ஜ் வாசலுக்குள் ஒரு புது மனிதனையே உண்டாக்கிவிட்டேன். நவாஸ் என்ற அந்த ஆட்டோக்காரர் பெட்டியைத் தானே தூக்கி மாடி ஏற்றினார். கிட்னிக்காரர் கனம் தூக்கக் கூடாதாம்.

அதன் விளைவு அன்று மதியமே தெரிந்தது. ஆம்பூர் பிரியாணியைப் பற்றி ஈப்போவிலேயே கனவு கண்டுகொண்டிருந்தவன் நான். கடை வாசலில் தேக்சா மூடியைத் திறந்தபோது வந்த வாசனையில் கால் தானாக நின்றது. நவாஸ் என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். "உப்பு ஜாஸ்தி சார் அதுல. உங்களுக்கு ஆவாது. வாங்க, இட்லி கிடைக்குது." இரண்டு மணிக்கு ஆறிப்போன இட்லி. சட்னியிலும் கை வைக்க விடவில்லை.

இட்லியை விழுங்கியபடியே வேலையைத் தொடங்கினேன். உறவுக்காரப் பெண்ணுக்கு ஷூ கம்பெனியில் வேலை கேட்க வேண்டும், எஸ்தர் என்று ஒரு சூப்பர்வைசர் இருக்கிறாராமே என்றேன். இது ஐந்தாவது பொய்.

"எஸ்தரக்காவா? என் வூட்டுக்காரி அவங்க லைன்லதான் தைக்குது. சிபாரிசு எல்லாம் நடக்காது சார். பேஜாரு புடிச்ச ஆளு." நவாஸ் சிரித்தார். "வெளிநாட்டுக் கம்பெனிக்காரங்க ஆடிட் வருவாங்க இல்ல, அப்ப இங்க மேனேஜருங்க ஆளுங்களுக்குச் சொல்லிக் குடுப்பாங்க. ஓவர்டைம் இல்லன்னு சொல்லு, அது இருக்குன்னு சொல்லு, இது இல்லன்னு சொல்லுன்னு. அக்கா முடியாதுன்னுட்டாங்க. 'கேட்டா உள்ளதைத்தான் சொல்லுவேன், இல்லாட்டி லீவு குடு'ன்னாங்க. அதுல இருந்து ஆடிட்டுன்னா அக்காவுக்கு லீவு. அக்கா வூட்ல இருந்தா போதும், ஊருக்கே தெரிஞ்சிடும், இன்னைக்கு ஆடிட்டுன்னு."

விசாரிப்பு நல்லபடியாகத் தொடங்கியிருக்கிறது என்று நான் மகிழ்ந்திருக்க வேண்டும். நானோ மீதி இட்லியைத் தள்ளி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கே நவாஸ் கதவைத் தட்டினார். டெஸ்ட்டுக்கு வேலூர் போக வேண்டாமா? பேருந்தில் ஜன்னலோர இடம் பிடித்து உட்காரவைத்து, கண்டக்டரிடம், "பேஷண்டு, பாத்து எறக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். ஆக, இல்லாத நோய்க்கு நான் வேலூர் போனேன்.

ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்துகளில் வங்க மொழியில் பலகை, இந்தியில் பலகை, மீன்குழம்பு வாசனை. ஒரு நிமிடம் எந்த மாநிலத்தில் இருக்கிறேன் என்றே புரியவில்லை. பெரிய பெரிய எக்ஸ்ரே உறைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மனிதர்கள் நடந்தார்கள். நான் கோட்டை அகழியை ஒருமுறை சுற்றினேன், டீ குடித்தேன், மறுபடி சுற்றினேன். கடைசியில் ஆஸ்பத்திரி வாசல் மதில் ஓரமாக நின்றேன். பக்கத்தில் நின்ற வங்காளத்துக்காரர் எனக்குப் பாதி பிஸ்கட்டை நீட்டி, ஆங்கிலமும் இந்தியும் கலந்து கேட்டார்: யாருக்காக வந்திருக்கிறீர்கள்?

"என் மகளுக்காக" என்றேன். இந்த ஊருக்கு வந்து நான் சொன்ன முதல் உண்மை அது. அவர் கண் கலங்கிவிட்டது. கவலைப்படாதீர்கள், இங்கே வந்தவர்கள் பிழைத்துக்கொள்கிறார்கள் என்று என் தோளைத் தட்டினார். அவர் மனைவி உள்ளே அறுவை சிகிச்சையில் இருந்தார். பிஸ்கட்டைத் தின்னவும் முடியாமல் போடவும் முடியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

பிற்பகல் திரும்பியதும் முதல் வேலையாக, நவாஸ் தொழுகைக்குப் போயிருப்பார் என்று கணக்குப் போட்டு, பிரியாணிக் கடைக்குள் புகுந்து உள்ளறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். சீரக சம்பா, கத்திரிக்காய்ப் பச்சடி, வெங்காயத் தயிர். கள்ளக் கல்யாணம் செய்தவனைப் போல அவசரமாகத் தின்றேன். ருசியாகத்தான் இருந்தது, மறுப்பதற்கில்லை.

நாலரை மணிக்கு நவாஸ் லாட்ஜுக்கு வந்தார். "துவா கேட்டேன் சார், உங்க பேரைச் சொல்லி."

"எந்தப் பேரை?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"கோபால்னுதான். வேற பேரு இருக்குதா?"

இல்லை என்றேன். கடவுள் இல்லை என்று உறுதியாகத் தெரிந்தவனுக்கு, இல்லாத ஆளுக்காக இல்லாத இடத்தில் கேட்ட வேண்டுதல் எந்த விதத்திலும் உறுத்தக் கூடாது. தர்க்கப்படி பூஜ்ஜியத்தைப் பூஜ்ஜியத்தால் பெருக்கினாற்போல. ஆனால் உறுத்தியது.

சனிக்கிழமை ஊரிலேயே இருக்கப் பிடிக்கவில்லை. ஏலகிரிக்குப் போய்க் காற்று வாங்கிவிட்டு வரலாம் என்று பேருந்து ஏறி, தூங்கிவிட்டு, கண்டக்டர் கத்திய சத்தத்தில் பதறி எழுந்து வாணியம்பாடியில் இறங்கிவிட்டேன். டீக்கடையில் இரண்டு பேர் உருதுவில் சண்டை போட்டு, தமிழில் சமாதானமானார்கள். காற்று திரும்பும்போதெல்லாம் தோல் பதனிடும் ஷாப்புகளின் நாற்றம். என் மாணவர்களுக்குச் சல்பைடு என்று கரும்பலகையில் எழுதிக்காட்டிய சமாசாரம், இங்கே மூக்குக்குள் வந்து உட்கார்ந்தது. கடைக்காரருக்கு அது தெரியவேயில்லை. "நாத்தமா? எங்க சார்?" என்றார். ஏலகிரி போகாமலேயே திரும்பினேன்.

மாலை ஆறரை மணிக்கு அறைக் கதவு தட்டப்பட்டது. நவாஸும், அவருக்குப் பின்னால் கையில் தூக்குப் பாத்திரத்தோடு ஒல்லியாக, நெடுநெடுவென்று, ஐம்பது வயதுக்கு மேலான ஒரு பெண்ணும். "சார், இவங்கதான் எஸ்தரக்கா. என் வூட்டுக்காரி உங்களப் பத்திச் சொல்லிச்சு. பாக்கணும்னு வந்துட்டாங்க."

என் படம் எதையும் அந்த அம்மாள் பார்த்ததில்லை என்பது மட்டும்தான் என் துணை.

"உக்காருங்கண்ணா, எழுந்துக்காதீங்க" என்றார் எஸ்தர். "நொய்க்கஞ்சி. உப்பு போடல. எங்க வூட்டுக்காரரும் கிட்னிதான். எட்டு மாசம் வேலூருக்கும் இங்கயும் அலைஞ்சோம். பக்கத்து பெட்டுல இருந்தவங்க, யாருன்னே தெரியாது, ஒரு நாள் தவறாம எனக்குச் சோறு குடுத்தாங்க. அவரு போய்ட்டாரு. அந்தக் கடனை யாருக்குத் திருப்பறது? தனியா வந்திருக்காருன்னு கேட்டதும் மனசு தாங்கல."

கஞ்சியை ஊற்றிக் கொடுத்துவிட்டு அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். அவர் எதுவும் சாப்பிடவில்லையா என்று கேட்டேன். சனிக்கிழமை உபவாச ஜெபமாம். "உங்க பேரையும் ஜெபக் குறிப்புல எழுதிக் குடுத்திருக்கேன். நாளைக்கு ஆராதனைல எங்க பாஸ்டர் ஐயரு படிப்பாரு. நீங்க என்ன சாமியோ எனக்குத் தெரியாது. தப்பா எடுத்துக்காதீங்க."

இப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல், விசாரணை அதிகாரி மாதிரி கேள்வி கேட்டேன். ஆடிட்டில் பொய் சொல்ல மறுத்தது கடவுளுக்குப் பயந்தா என்று.

"கடவுளா?" அவருக்குச் சிரிப்பு வந்தது. "அவரு மன்னிச்சிடுவாருண்ணா. என் லைன்ல நாப்பது பொண்ணுங்க இருக்குது. அதுங்க எதிர்ல நான் பொய் சொல்லிட்டா, நாளைக்கு ஒரு தையல் பிரிஞ்சிருந்தா ஏன்டி பிரிஞ்சிதுன்னு எந்த மூஞ்சியோட கேப்பேன்?"

என் வகுப்பில் ஒரு மாணவி இப்படிப் பதில் சொல்லியிருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன். பகுத்தறிவு என் வீட்டுச் சொத்து என்று நினைத்திருந்தேன். சாமிக்குப் பட்டினி கிடக்கும் பெண் காரணத்தோடு பேசுகிறார். எதையும் சோதித்துப் பார்த்தே நம்புகிறவன் பயத்தில் பெயரை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

கிளம்பும்போது அவராகவே சொன்னார். "நாளைக்கு மூணு மணிக்கு என் பையனுக்குப் பேசி முடிக்கணும். பொண்ணோட அப்பா மலேசியாவுல இருந்து வர்றாரு. சாமியே இல்லாதவராம். எனக்கு ஒரே கலக்கமா இருக்குது. எதுக்கும் பயப்படாத ஆளு எப்படி இருப்பாரோன்னு. ஆனா அந்தப் பொண்ணு போன்ல சொல்லிச்சு, 'எங்கப்பா சாமி கும்பிட மாட்டாரு, ஆனா பொய் சொல்ல மாட்டாரு'ன்னு. அதைத்தான் புடிச்சிகினு இருக்கேன்."

அவர்கள் போனபின் அந்தக் கஞ்சியை முழுதும் குடித்தேன். உப்பில்லாமல் வெறும் வெந்த மாவாக இறங்கியது. மலரை அழைக்கப் போனை எடுத்தேன், வைத்தேன். அவளிடம் சொன்னால் அவள் எனக்காகப் பேசுவாள். அதுவும் ஒளிந்துகொள்ளும் வேலைதான். என் அப்பாவின் கேள்வி நினைவுக்கு வந்தது. சாமி பார்க்காவிட்டாலும் ஒழுங்காக இருப்பதுதான் ஒழுக்கம் என்று அறுபது வயது வரை மேடை போட்டுப் பேசியவன் நான். யாரும் பார்க்காத ஊர் ஒன்று கிடைத்ததும் முதல் நிமிடத்திலேயே என்ன செய்தேன்? வெட்கமாக இருந்தது. சொன்னால் மகளின் கல்யாணம் போகலாம். சொல்லாமல் மூன்று மணிக்குப் போய் நின்றாலும் அதே முகம்தானே போகப்போகிறது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு அரை மணி நேரம் முன்பே எஸ்தர் போகும் கிறிஸ்தவக் கோயில் வாசலுக்குப் போய்விட்டேன். எஸ்தர் வெள்ளைப் புடவையில் வந்தார். "இன்னாண்ணா, உடம்போட ஏன் நடந்து வந்தீங்க?" என்று பதறினார்.

"என் பெயர் கோபால் இல்லை. மாறன். மலர்விழியின் அப்பா. எனக்கு நோய் எதுவும் இல்லை. உங்களைப் பற்றி விசாரிக்க முன்னாலேயே வந்தேன்."

அவர் வேதாகமத்தை இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டார். "நேத்து பூரா உங்களுக்காவும் ஜெபிச்சி, தண்ணிகூட வாயில ஊத்தல" என்றார். குரல் உயரவில்லை. "அதுகூடப் போவட்டும். சீட்டுல பேரு எழுதினது நானு. இப்ப நான் சொன்னது பொய்யாப் போச்சு. ஆடிட்டு வந்தாக்கூட என்னப் பொய் சொல்ல வைக்க முடியல சார். நீங்க வச்சிட்டீங்க."

அண்ணா போய் சார் வந்திருந்தது. மன்னிப்புக் கேட்டேன். அவர் கேட்காதவர் போல உள்ளே போய்விட்டார்.

நான் எந்த வழிபாட்டுக் கூட்டத்திலும் உட்கார்ந்தவனில்லை. என் திருமணமே மாலையும் கையெழுத்துமாக முடிந்தது. அன்றைக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பாட்டு முடிந்து ஐயர் ஜெபக் குறிப்புகளைப் படித்தார். "அந்தமானிலிருந்து சிகிச்சைக்கு வந்திருக்கும் சகோதரர் கோபால்" என்றதும் எஸ்தர் எழுந்தார். "ஐயா, அது நான் குடுத்த சீட்டு. அது தப்பு. அப்படி ஒரு நோயாளி இல்ல." அவ்வளவுதான் சொன்னார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, காட்டிக்கொடுக்கவும் இல்லை. எல்லோரும் அவரையே பார்த்தார்கள். முன்வரிசையில் இரண்டு பேர் கிசுகிசுத்தார்கள்.

அதைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார முடியவில்லை. எழுந்தேன். முப்பது வருடம் வகுப்பில் கத்திய குரல் அன்று பாதிதான் வந்தது. "அவர் மேல் தவறில்லை. நான்தான் கோபால் என்று பொய் சொன்னேன். எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது."

ஐயர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். வயதான மனிதர். "கிட்னிக்கு ஒன்னும் இல்லியா?"

"ஒன்றும் இல்லை ஐயா."

"அப்ப ஸ்தோத்திரம் சொல்லிடுவோம்" என்றார். சபை முழுதும் சொன்னது. என் பக்கத்திலிருந்த பெரியவர் தொடையைத் தட்டி, "பாத்தீங்களா, ஆண்டவர் ஜெபத்தக் கேட்டுட்டாரு" என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வாதாடவும் தோன்றவில்லை.

வெளியே சவாரிக்குக் காத்திருந்த நவாஸிடமும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஆட்டோக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "வெள்ளிக்கிழம நீங்க பிரியாணி துன்னதப் பாத்தேன் சார். ஜும்மா முடிஞ்சி வர்றேன், உள்ள சுவத்தப் பாத்துகினு உக்காந்திருக்கீங்க. பாவம், எத்தினி நாளு இருப்பாரோ, ஆசையாத் துன்னுட்டுப் போட்டும்னு ஒன்னும் கேக்கல." பிறகு கை கொடுத்தார். அந்தக் கையைப் பிடிக்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

மூன்று மணிக்கு எஸ்தர் வீட்டுக் கதவைத் தட்டினேன். திறந்தவர், "யாரு?" என்றார்.

"மாறன். ஈப்போவிலிருந்து வருகிறேன். மலர்விழியின் அப்பா."

"வாங்க."

சுவரில் ஒரு வசனக் காலண்டர், கணவரின் படம், சாமுவேல் பட்டம் வாங்கும் படம். என்னை உட்காரவைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். "சாமி இல்லாத வூடுன்னு பயந்துகினு இருந்தேன். இப்ப அந்தப் பயம் இல்ல. காலைல நீங்க எழுந்து நின்னப்பவே போய்டுச்சு. ஆனா வேற பயம் வந்திருக்குது. ஆளுங்கள நம்பாத வூடோன்னு. என் பையன் அங்க ஒவ்வொரு நாளும் பரீட்சை எழுதணுமா?"

நாலு மாதமாக அவர் என் மகளை என்ன செய்துவிடுவாரோ என்று மட்டுமே யோசித்திருக்கிறேன். என்னிடமிருந்து காப்பாற்ற அவருக்கும் ஒரு பிள்ளை இருக்கிறது என்பது தோன்றவே இல்லை. "எனக்குப் பழக்கம் அப்படி ஆகிவிட்டது. இனிமேல் எதையும் நேராகக் கேட்கிறேன்" என்றேன். "என் மகளை மதம் மாறச் சொல்வீர்களா?"

"அது அவ இஷ்டம். நான் ஜெபம் பண்ணுவேன். அதைத் தடுக்காதீங்க."

"தடுக்க மாட்டேன்."

அவர் உள்ளே போனார். பாத்திரச் சத்தம் கேட்டது. பலகாரம் வரும் என்று நினைத்தேன். ஒரு கும்பாவில் கஞ்சி வந்தது. "காலைல உங்களுக்குன்னு காச்சினேன், கோயிலுக்குப் போறதுக்கு முன்னால. கொட்ட மனசு வரல."

கும்பாவைக் கையில் எடுத்தேன். அதே நொய்க்கஞ்சி, அதே வெறும் வாசனை. ஒரு வாய் குடித்தேன். இன்னொரு வாய் குடித்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய் உப்பு ஜாடியைக் கொண்டுவந்து என் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

"போட்டுக்கங்கண்ணா. உங்களுக்குத்தான் ஒன்னும் இல்லியே."